கரோடிட் என்றால் உறக்கமா?

கேள்வி: என் தந்தைக்கு 67 வயது. நீண்ட நாட்களாகச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உண்டு. படுக்கையில் புரளும்போதும் எழுந்து நிற்கும்போதும் தலை சுற்றுவதாகச் சொன்னதால், கழுத்தில் 'கரோடிட் டாப்ளர்' ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். இடது பக்கம் 30 சதவீத அடைப்பு என்று அறிக்கை வந்தது. விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, "கரோடிட் என்றால் கிரேக்க மொழியில் உறக்கம். அதை அழுத்தினால் ஆள் அப்படியே தூங்கிவிடுவான்" என்றார். அன்றிலிருந்து அப்பா சட்டையின் மேல் பொத்தானைப் போடுவதில்லை. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதில்லை. சவரக் கடைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். தூக்கத்திலேயே போய்விடுவோமோ என்று பயந்து இரவெல்லாம் விழித்திருக்கிறார். சித்தப்பா சொன்னது உண்மையா? அந்தப் பெயர் எப்படி வந்தது? – வாசகி, கும்பகோணம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் சித்தப்பா கதை விடவில்லை. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். மீதியையும் சொல்லியிருந்தால் உங்கள் அப்பா இந்நேரம் முகச்சவரம் செய்துகொண்டு நிம்மதியாக இருந்திருப்பார்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். கிரேக்கத்தில் 'கரோஸ்' என்றொரு சொல் உண்டு. இயல்பாக வரும் தூக்கத்தை அது குறிக்காது. அதற்கு அவர்களிடம் 'ஹிப்னோஸ்' இருந்தது. கரோஸ் என்பது தலை கனத்து, அறிவு மழுங்கி, எழுப்பினாலும் எழாமல் கிடக்கும் நிலை. மிதமிஞ்சிக் குடித்தவன் கிடக்கிற கிடப்புக்கும் அதே சொல்தான். கழுத்தின் இருபுறமும் ஓடும் ரத்தக் குழாய்களை அழுத்தினால் இந்த நிலை வருகிறது என்பதால் அவற்றை 'கரோடிடெஸ்' என்றார்கள். எனவே 'உறக்கம்' என்பதைவிட 'மயக்கம்' என்பதே பொருத்தம். (கேரட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று மருத்துவ மாணவர்களே கேட்பதுண்டு. இல்லை. அது வேறு கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.)

பெயர் பல மொழிகளுக்குப் பொருளோடு போயிருக்கிறது. அரபியில் இந்தக் குழாய்க்குச் 'சுபாத்தி' என்று பெயர். சுபாத் என்றால் ஆழ்ந்த உறக்கம். ரஷ்ய மொழியில் 'சோன்னயா', அதாவது உறக்கத்துக்குரிய தமனி. நம் பாடநூல்கள் இந்த வம்புக்கே போகாமல் கழுத்துத் தமனி என்று இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டன. உங்கள் அப்பாவின் அறிக்கையிலும் அப்படியே எழுதியிருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது.

கழுத்தை அழுத்தினால் நினைவு தப்பும் என்று முதலில் எழுதியவர்களில் ஒருவர் அரிஸ்டாட்டில். கி.மு. 4ஆம் நூற்றாண்டு. விலங்குகளைப் பற்றிய நூலில், கழுத்துக் குழாய்களை வெளியிலிருந்து பிடித்தால் மூச்சு முட்டாமலேயே மனிதன் கண்ணை மூடி, உணர்விழந்து கீழே விழுந்துவிடுகிறான் என்கிறார். 'மூச்சு முட்டாமலேயே' என்ற சொல்லைக் கவனியுங்கள். சங்கைப் பிடித்து நெரித்தால் ஆள் விழுவான் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். சங்கைத் தொடாமல், அதன் இருபுறமும் அழுத்தினாலே விழுகிறான் என்பதைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்களே, அது சாதாரணக் கவனிப்பல்ல. ஜூடோ பயின்றவர்களுக்கு இது இன்றும் அன்றாடப் பாடம்.

அரிஸ்டாட்டில் அவற்றைத் தமனி என்று சொல்லவில்லை; இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் தமனி வேறு, அதைத் திருப்பிக் கொண்டுவரும் சிரை வேறு என்ற பாகுபாடே அவரிடம் கிடையாது. சற்றுப் பிந்தி காஸ் தீவின் கிரேக்க மருத்துவர் பிரக்ஸகோரஸ் அந்தப் பாகுபாட்டைச் செய்தார். ஆனால் தமனிகளில் ஓடுவது காற்று என்று சொல்லிவிட்டார். இறந்த உடலை அறுத்தால் தமனிகள் வெறுமையாகக் கிடக்கும், சிரைகளில் ரத்தம் நிறைந்திருக்கும். அதைப் பார்த்தவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். 'ஆர்ட்டரி' என்ற சொல்லின் கிரேக்க மூலம் முதலில் மூச்சுக்குழாயைக் குறித்தது. வேடிக்கை என்னவென்றால், நாம் எழுதும் 'தமனி'யும் வடமொழியில் 'ஊது' என்னும் பொருள்கொண்ட வேரிலிருந்து வந்ததுதான். இதைச் சித்தப்பாவிடம் சொல்லுங்கள், ரசிப்பார்.

இனி, அவர் சொல்லாமல் விட்ட பகுதி.

பெயர் வழக்கில் இருந்த காலத்திலேயே அதன்மேல் சந்தேகமும் எழுந்துவிட்டது. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி வாழ்ந்தவர் எபேசஸ் நகரத்து ரூஃபஸ் என்ற மருத்துவர். உடலுறுப்புகளின் பெயர்களுக்கென்றே ஒரு நூல் எழுதியவர். முன்னோர்கள் இந்தக் குழாய்களை ஏன் இப்படி அழைத்தார்கள் என்று அதில் சொல்கிறார்: அழுத்தினால் மயக்கம் வரும், குரலும் போகும் என்பதால். உடனேயே திருத்தமும் போடுகிறார். அது தமனியால் வருவதல்ல, பக்கத்தில் ஓடும் நரம்புகளால் வருவது என்று தம் காலத்தில் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதாம்.

குரல் போவது ஏன்? கழுத்தில் கரோடிட் தமனி தனியாக ஓடுவதில்லை. மெல்லிய உறை ஒன்றுக்குள் தமனி, அதன் வெளிப்பக்கம் பெரிய சிரை, இரண்டுக்கும் இடையே சற்றுப் பின்னால் வேகஸ் நரம்பு என்று மூன்றும் சேர்ந்தே இறங்குகின்றன. குரல்வளையை இயக்கும் நரம்புகள் அந்த வேகஸிலிருந்து பிரிபவை. அறுவை அறையில் தமனியைக் கட்டும்போது நூலுக்குள் நரம்பும் சிக்கிவிடாமல் பார்த்துக்கொள்வது இன்றைக்கும் முதல் பாடம். பழைய காலத்தில் விலங்கின் கழுத்தை அவசரமாகக் கட்டியவர்கள் நரம்பையும் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். குரல் போயிருக்கும். பழி தமனிமேல் விழுந்திருக்கும்.

இதைச் சோதித்தே காட்டினார் கேலன். கி.பி. 129இல் பெர்கமோனில் பிறந்து ரோமில் புகழ்பெற்ற மருத்துவர். கூட்டத்துக்கு நடுவே, கத்திக்கொண்டிருக்கும் பன்றியின் கழுத்தைத் திறந்து, குரல்வளைக்குப் போகும் மெல்லிய நரம்பை மட்டும் கட்டுவார். பன்றி துள்ளும்; வாயைத் திறக்கும்; சத்தம் வராது. தமனிகளை நரம்பிலிருந்து பிரித்து அவற்றை மட்டும் கட்டினால் விலங்கு மயங்கவும் இல்லை, குரலை இழக்கவும் இல்லை என்றும் எழுதிவைத்தார். ஆக, பெயர் தப்பு என்று 1800 ஆண்டுகளுக்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. பெயர் மட்டும் போகவில்லை.

நம் நாட்டுக் குறிப்பு ஒன்றும் உண்டு. பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதை, அடிபட்டால் ஆபத்தான மர்ம இடங்களைச் சொல்லும்போது, தொண்டைக் குழாயின் இருபுறமும் நீலா இரண்டு, மன்யா இரண்டு என்று நான்கு தமனிகளைக் குறிப்பிடுகிறது. அங்கே காயம்பட்டால் ஊமையாவான், குரல் கெடும், சுவை தெரியாது என்கிறது. இவற்றை இன்றைய கரோடிட்டோடு ஒன்றுக்கு ஒன்று பொருத்திக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த உடற்கூறு வேறு அடிப்படையில் அமைந்தது. ஆனாலும் கழுத்தின் அந்த இடத்தில் அடிபட்டவர்களைப் பார்த்த இரு நாட்டு மருத்துவர்களும் குரல் போவதை எழுதிவைத்திருக்கிறார்கள். பார்த்தது ஒன்றுதான்.

அப்படியானால் அரிஸ்டாட்டில் சொன்ன ஆள் ஏன் விழுந்தான்? கேலன் இதில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார். அவர் அறுத்தவை பன்றிகளும் ஆடுகளும். மனிதனில் மூளைக்கு நான்கு குழாய்கள் போகின்றன: முன்னே இரண்டு கரோடிட், பின்னே முதுகெலும்பு வழியாக ஏறும் இரண்டு. பெரும்பங்கு முன்னிரண்டில்தான். இருபுறமும் ஒரே நேரத்தில் பலமாக அழுத்தினால் சில வினாடிகளில் நினைவு போகும். ஆடு மாடுகளில் குழாய்களின் இணைப்பு வேறு மாதிரி; பின்வழியாகவும் வெளிக்கிளைகள் வழியாகவும் ரத்தம் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். பன்றி மயங்காததை வைத்து மனிதனும் மயங்கமாட்டான் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது காரணமும் இருக்கிறது. ரூஃபஸ் சொன்ன நரம்புக் கதை ஒருவகையில் உண்மையாவது இங்கேதான். தொண்டைச் சங்கின் மேல்விளிம்பு மட்டத்தில் கரோடிட் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று முகத்துக்கும் தலைத்தோலுக்கும், மற்றது மூளைக்கும் கண்ணுக்கும். மூளைக்குப் போகும் கிளை தொடங்கும் இடம் சற்றே உப்பியிருக்கும். அந்த உப்பலின் சுவரில் ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அழுத்தம் ஏறினால் சுவர் விரியும், செய்தி மூளைக்குப் போகும், இதயம் வேகத்தைக் குறைக்கும். வெளியிலிருந்து விரலால் அழுத்தினாலும் அந்த முனைகள் ஏமாந்துபோகின்றன. அழுத்தம் ஏறிவிட்டது என்று பொய்ச்செய்தி அனுப்ப, இதயம் மெதுவாகி, ரத்த அழுத்தம் இறங்கி, கண் இருட்டுகிறது. கழுத்தை அழுத்தினால் இதயத் துடிப்பு குறைகிறது என்பதை இங்கிலாந்தின் கேலப் பாரி 1799இலேயே எழுதினார். அதற்குக் காரணம் இந்த உப்பல்தான் என்று ஜெர்மனியின் ஹெரிங் 1920களில் நிறுவினார். அருகிலேயே அரிசி மணியளவு திசு ஒன்று ரத்தத்தின் ஆக்சிஜனை அளந்துகொண்டிருக்கிறது. இந்தப் பகுதி சுவாசத்தை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று காட்டிய பெல்ஜியத்தின் ஹேமன்ஸுக்கு 1938ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே கிரேக்கர்கள் கண்ணால் பார்த்தது சரி. சொன்ன காரணம் அரைகுறை. முக்கியமாக, அவர்கள் பெயர் வைத்தது நோயைப் பார்த்து அல்ல. வெளியிலிருந்து ஒரு கை பலமாக அழுத்தும்போது நடப்பதைப் பார்த்து வைத்த பெயர் அது. உள்ளே கொஞ்சம் கொழுப்பு படிந்திருப்பவர் தூக்கத்தில் போய்விடுவார் என்று அந்தப் பெயரில் எங்கும் இல்லை.

அப்பாவுக்கு இன்னொருவர் கதையைச் சொல்லுங்கள். 1664இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் மூளையின் உடற்கூறு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மூளையின் அடியில் நான்கு குழாய்களும் ஒன்றோடொன்று கைகோத்து வட்டமாக இணைவதை விளக்கிய நூல். அந்த வட்டம் இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. அதில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதுகிறார். வயிற்றுக் கட்டியால் இறந்தவர். உடலைத் திறந்து பார்த்தால் வலது கரோடிட் ஏறக்குறைய முழுவதுமாக அடைத்திருந்தது. 30 சதவீதம் அல்ல, கிட்டத்தட்ட முழுவதும். ஆனால் அந்த மனிதருக்கு வாழ்நாளில் பக்கவாதமே வரவில்லை. அந்த வட்டத்தின் வழியாக மறுபக்க ரத்தம் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. எல்லாருக்கும் இந்த வட்டம் முழுமையாக அமைவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடைப்பைப் பொருட்படுத்தவே வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது.

அறிக்கைக்கு வருவோம். கரோடிட் இரண்டாகப் பிரியும் இடத்தில், அந்த உப்பலில் ரத்தம் நேராக ஓடாமல் சுழலும். கொழுப்பு படிவதும் பெரும்பாலும் அங்கேதான். 67 வயதில் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ளவரின் கழுத்தை டாப்ளர் செய்தால் ஏதாவது படிவு தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். 30 சதவீதக் குறுகலால் மூளைக்குப் போகும் ரத்தத்தின் அளவு குறைவதில்லை. அதற்குக் குறுகல் ஏறக்குறைய இரண்டு மடங்குக்கு மேல் போக வேண்டும். அறுவை சிகிச்சையால் தெளிவான பலன் உண்டு என்று 1991இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு காட்டியது, பக்கவாத அறிகுறி ஏற்கெனவே வந்து, அடைப்பும் 70 சதவீதத்தைத் தாண்டியவர்களுக்கு. 30 சதவீதத்துக்கு ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் வேறொரு மருத்துவரைப் பாருங்கள்.

தலைசுற்றலுக்கும் இந்த அடைப்புக்கும் தொடர்பு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு பக்கக் கரோடிட் அடைப்பு பொதுவாகத் தலைசுற்றலாக வெளிப்படுவதில்லை. படுக்கையில் புரளும்போது சில வினாடிகள் அறையே சுற்றினால், உள்காதிலுள்ள சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியிருக்கலாம். காது மூக்குத் தொண்டை மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பியே பல நேரங்களில் சரிசெய்துவிடுவார். எழுந்து நிற்கும்போது வருவது வேறு. பல காலச் சர்க்கரை நோயாளிகளுக்கு நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கும், கொதிப்பு மாத்திரையும் அதற்குத் துணைபோகும். படுத்த நிலையில் ஒரு முறை, எழுந்து நின்ற ஒன்றாம் நிமிடமும் மூன்றாம் நிமிடமும் ஒவ்வொரு முறை அளந்து பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

பயப்பட வேண்டியதற்குப் பயப்படச் சொல்லுங்கள். படிவின் மேற்பரப்பு உடைந்து, அங்கே ரத்தம் உறைந்து, அதில் ஒரு துணுக்கு மேலே போய் மூளைக் குழாயை அடைப்பதே இந்த நோயின் ஆபத்து. இடது கரோடிட் என்பதால் வலது கை கால் மரத்துப்போகலாம், தளரலாம். வாய் ஒருபக்கம் கோணலாம். பேச்சு குழறலாம், சொல் வராமல் தவிக்கலாம். இடது கண்ணுக்கு மேலிருந்து திரை இறங்குவதுபோல் சில நிமிடம் இருட்டிவிட்டுத் தெளியலாம். தெளிந்துவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது; பெரிய பக்கவாதத்துக்கு முன் வரும் எச்சரிக்கை அது. உடனே 108. உறைவைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். ஸ்கேன் எடுக்கும் நேரமும் அதில் அடக்கம். இவற்றில் எதுவும் தூக்கம் அல்ல என்பதை அப்பா கவனிக்கட்டும்.

மேல் பொத்தானைப் போடலாம். இடப்பக்கம் படுக்கலாம். தலையணையின் அழுத்தத்துக்கெல்லாம் தமனி மூடாது. சவரக் கடைக்கும் தாராளமாகப் போகலாம். ஆனால் சவரம் முடிந்ததும் தாடையையும் பின்தலையையும் பிடித்து வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பார்களே, அதற்கு மட்டும் கும்பிடு போட்டுவிடச் சொல்லுங்கள். அப்படித் திருப்பும்போது கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிய வாய்ப்புண்டு. அடைப்பே இல்லாத இளைஞர்களுக்கும் இதனால் பக்கவாதம் வந்திருக்கிறது. இத்தனை நாளும் பொத்தானுக்குப் பயந்தவர் பயந்திருக்க வேண்டியது இதற்குத்தான்.

சித்தப்பா 'அழுத்திக் காட்டுகிறேன் பார்' என்று கையை நீட்டினால் விடாதீர்கள். படபடவென்று ஓடும் இதயத்தை நிதானப்படுத்த நாங்களே சிலருக்கு அந்த இடத்தை அழுத்துவோம், ஆனால் ஈசிஜி ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு பக்கம் மட்டும். படிவு இருக்கிறது என்று தெரிந்த கழுத்தில் தவிர்ப்போம். வயதான சிலருக்கு அந்த நரம்பு முனைகள் மிகையாகத் துடிப்பாக இருக்கும்; இறுக்கமான காலர் போட்டாலோ, சவரம் செய்யும்போதோ, சட்டென்று திரும்பினாலோ மயங்கி விழுவார்கள். அப்பா அப்படி ஒருமுறையாவது விழுந்திருந்தால் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். அதற்குப் பரிசோதனை இருக்கிறது, தேவைப்பட்டால் பேஸ்மேக்கரும் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

ராத்திரி விழித்திருப்பதால் ஏறுவது ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும்தான். படிவை வளர்ப்பவையும் அவையே. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை எழுதியிருந்தால் நாள் தவறாமல் சாப்பிட வேண்டும். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு போகட்டும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது டாப்ளர் அறிக்கையையும், நிற்கவைத்து எடுத்த ரத்த அழுத்த அளவுகளையும் கொண்டுபோங்கள். அடுத்த ஸ்கேன் எப்போது என்று அவரிடமே கேளுங்கள். புதிதாக எந்த அறிகுறியும் இல்லையென்றால் ஓராண்டுக்குள் எடுக்க வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.